சிறுவர் கணக்கும் தமிழ்மொழியும்

கணக்கு என்னுஞ் சொல்லை இக்காலத்தார் எண்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுக்கும் பயிற்சி ஒன்றற்கே உரியதாக்கிவிட்டனர். பழந்தமிழில் அஃது அத்துணைக் குறுகிய சொல் அன்று. எழுத்துக்களின் வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். குறும்பாக்களாலான பதினெட்டு நூல்களின் தொகுதிக்குக் கீழ்க்கணக்கு என்று பெயர். பிள்ளைகட்கு எழுத்தும் எண்ணும் பயிற்றிய ஆசிரியர் கணக்காயர் எனப்பட்டார். சங்கப் புலவர் நக்கீரனாரும் மதுரைக் கணக்காயனார் மகனார் என்றே வழங்கப்படுகின்றார். எழுத்தறிவும் எண்ணறிவும் ஒரு சொல்லின்கீழ், ஓர் ஆசிரியரிடத்தே ஒருங்கு வதிந்தன என்பது இதனாற் போதரும். இன்றோ தமிழ் ஒரு பாடவேளை, கணக்கு மற்றொரு பாடவேளை. மணி அடித்தவுடன் ஒன்று மற்றொன்றை மறந்துவிடுகின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய நாம் கணக்கைப்பற்றி எழுதப் புகுவது நம் விஞ்ஞான வகுப்பு நண்பர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், இளஞ்சிறார் ஒரு கணக்கை எங்ஙனம் அணுகுகின்றனர் என்று உற்று நோக்குவோமாயின், அவர்கள் இடறும் இடங்களிற் பல எண்ணில் இல்லை, சொல்லில் இருக்கின்றன என்பது விளங்கும். அதனை எடுத்துக்காட்டுதற்கே இக்கட்டுரை எழுந்தது.

குழந்தை முதலிற் கற்பது எண்ணுதல். இவ்வகையில் தமிழ்க் குழந்தை பெரும்பேறு உடையது என்றே கூறலாம். ஆங்கிலத்தில் பதினொன்று, பன்னிரண்டு ஆகியவற்றின் பெயர்களில் பத்து என்னும் பொருள் குழந்தைக்குப் புலனாவதில்லை. செருமானியர் இருபத்து மூன்று என்பதை மூன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்லுவர். இந்தி பேசும் குழந்தையோ நூறு வரையில் ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணின் பெயரையும் தனித்தனியே மனனஞ் செய்தல் வேண்டும். நம் மொழியில், இருபது என்றால் இரு பத்து, முப்பது என்றால் மூன்று பத்து. முப்பத்து நான்கு என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும் தத்தம் இடத்தில் வந்து நிற்கின்றன. எண்ணின் பெயரே எண்ணின் இலக்கணமாக அமைந்துள்ளது.

ஓரிடத்தில் மட்டும் இவ்வொழுங்கு குலைகின்றது. எண்பத்தொன்பதுக்குப் பின் என்ன என்று ஒரு சிறுவனை வினவுமின். பலர் சற்றே தயங்குவர். சிலர் 'எண்பத்துப் பத்து' என்பர். இது பிழையே; எனினும் அறிவுடைய பிழை. தொண்ணூறு என்னுஞ் சொல்லில் நூறு ஒலிக்கின்றதேயன்றி ஒன்பது ஒலிக்கவில்லை. தொள்ளாயிரத்திலோ ஆயிரம் ஒலிக்கின்றது. தொல்காப்பியனார் குற்றியலுகரப் புணரியலில் இவ்வெண்ணுப்பெயர்களின் புணர்ச்சிக்கெனத் தனியே விதி வகுக்க நேர்ந்தது. இலக்கணப் பேராசிரியர் தனிவிதி கூறிக் கடந்த இடத்தில் ஐந்து வயதுக் குழந்தை கால் தடுக்கி விழுந்தால், அதனை மந்தபுத்தி என்பது எங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு பிழையும் இத்தன்மைத்தே. நூற்றைந்து என்று எழுதச் சொன்னால் சிறார் பலர் 1005 என்று எழுதுவர். நூற்றுக்கு 100, அதன்பின் ஐந்துக்கு 5. காதாற் கேட்டவாறே கை எழுதுகின்றது. நம் முன்னோர் ஓலையில் எழுதிய முறையும் இதுவே. நூற்றுக்கு ௱ என்றும் ஐந்துக்கு ௫ என்றும் குறி உண்டு. நூற்றைந்தை ௱௫ என்று எழுதினர். பத்துக்கு ௰, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தமையால், பூச்சியம் வேண்டாது, சொல்லும் வரிசையிலேயே எண்ணை எழுத முடிந்தது. இடமே மதிப்பைத் தருவதும் பூச்சியம் இடத்தைக் காப்பதும் பிற்காலத்து முறையில் அமைந்த நுட்பங்கள். 1005 என்று எழுதிய சிறுவன் அந்நுட்பத்தை இன்னும் அடையவில்லை என்பதன்றி, சிந்திக்கவில்லை என்று கூறுதல் தகாது.

இனிக் கூட்டலை நோக்குவோம். மூன்றும் ஐந்தும் எத்தனை என்று வினவினால், மிக இளைய குழந்தை மூன்று விரல்களை நீட்டும். பின்பு ஐந்து விரல்களை நீட்டும். பின்பு ஒன்று முதல் எட்டு வரை அனைத்தையும் எண்ணும். சில திங்கள் கழித்து அதே குழந்தை மூன்றினை மனத்தில் நிறுத்தி, நான்கு, ஐந்து என்று மேலே எண்ணிச் செல்லும். பின்னர் ஒருநாள், எவரும் கற்பியாதிருக்கவும், ஐந்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று மூன்றே அடியில் முடித்துவிடும். பெரிய எண்ணிலிருந்து தொடங்கினால் உழைப்புக் குறையும், விடை மாறாது என்பதை அக்குழந்தை தானே கண்டறிந்தது. கூட்டலில் வரிசை மாறினும் தொகை மாறாது என்று நாம் பிற்காலத்தில் நூலிற் படிக்கும் விதி, விரல்களின் நுனியிற் பிறந்தது இவ்வாறு. அதன்பின் எட்டும் ஆறும் என்றால், ஆறிலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, எஞ்சிய நான்கை வைத்துப் பதினான்கு என்பது போன்ற உபாயங்கள் தோன்றும். இவ்வாறிருக்க, விரல்விட்டு எண்ணும் குழந்தையின் கையைத் தட்டிவிடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஏணியின் முதற்படியைப் பறித்துக்கொண்டு மேலே ஏறு என்பதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டோ?

நிற்க. எண்கள் வாக்கியத்தினுள் புகுந்து ஒரு சிறு கதையாக வரும் கணக்கிலேதான் நம் பொருள் சிறக்கின்றது. ஹட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். ஐந்து பறவைகளும் மூன்று புழுக்களும் தீட்டிய படத்தைக் குழந்தைகட்குக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று வினவினர். பள்ளிக்கு முந்திய மழலை வகுப்பினருள் நூற்றுக்கு 25 பேரே சரியாக விடை கூறினர். அதே படத்தைக் காட்டி, ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைக் கொத்த ஓடினால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காமற் போகும் என்று வினவினபோது, நூற்றுக்கு 96 பேர் சரியாகக் கூறினர். படம் ஒன்றே, எண்கள் அவையே, செய்யவேண்டிய கழித்தலும் ஒன்றே. மாறியது வாக்கியம் மாத்திரமே. 'எத்தனை அதிகம்' என்னும் ஒப்புமை வாக்கியத்தின் பொருளை அக்குழந்தைகள் இன்னும் எய்தவில்லை. புழுவில்லாத பறவையின் பசியையோ நன்கு அறிந்திருந்தன.

சென்ற கோடை விடுமுறையில் சில கிழமைகள், நம் கல்லூரித் தோழர் ஒருவரின் ஊராகிய கோட்டைப்பட்டினத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் கூடிய சிறுவர் சிறுமியர்க்குப் பாடஞ் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே, பாக்கு நீரிணைக் கரையில் அமைந்த ஊர் அது; மீன்பிடி துறைமுகமும் ராவுத்தர் சாகிபு தர்காவும் உடையது. மேற்கூறிய வினாவை அவ்வூர்க்கேற்ப மாற்றினோம். ஐந்து படகுகளும் மூன்று நங்கூரங்களும் வரைந்து, நங்கூரங்களைவிடப் படகுகள் எத்தனை அதிகம் என்றோம். 'அஞ்சு' என்றான் ஒரு சிறுவன். எது அதிகமோ அதனைச் சொன்னான் போலும். எத்தனை படகுக்கு நங்கூரம் இல்லை என்று வினவி முடிப்பதற்குள், 'ரெண்டு. அது ரெண்டும் காத்துல போயிரும்' என்று மறுமொழி வந்தது.

மற்றொரு நாள் நிகழ்ந்தது நம் மனத்தை விட்டு அகலவில்லை. மீன் விற்பவள் ஒருத்தி 12 மீன்களை விற்றாள். மீதி 15 மீன்கள் உள்ளன. முதலில் எத்தனை மீன்கள் இருந்தன என்பது கணக்கு. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் ஏட்டில் 15-இலிருந்து 12-ஐக் கழித்து 3 என்று எழுதினாள். நாம் அதனைத் திருத்தாமல், ஏட்டை மூடி வைத்துவிட்டுக் கதையை மட்டும் அவளுக்கு மீண்டும் சொன்னோம். 'வித்த மீனைத் திரும்பக் கூடையிலே போட்டா, காலையிலே இருந்த மாதிரி ஆயிரும்ல?' என்று சொல்லி, விரல்களையும் துணைக்கொண்டு 27 என்றாள். அப்படியாயின் ஏட்டில் 3 என்று எழுதியது ஏன் என்று வினவினோம். 'மீதின்னு வந்தாக் கழிக்கணும்' என்றாள், ஐயத்துக்கே இடமின்றி.

இச்சிறுமிக்குக் கணக்கு வராது என்று கூற இயலுமோ? கணக்கு அவளுக்கு வந்தது. ஏட்டைத் திறந்தவுடன் அதனை வாசலில் நிறுத்திவிட்டு வந்தாள். 'மொத்தம்' என்றாற் கூட்டு, 'மீதி' என்றாற் கழி, 'சமமாக' என்றால் வகு என்று சொற்களைக் கொக்கியாக்கிக் கற்பிக்கும் குறுக்குவழி பல இடங்களிலும் வழங்குகின்றது. தேர்வில் விரைவாக விடை எழுத அஃது உதவுகின்றது என்பது மெய்யே. ஆனால் வாக்கியத்தை வாசிக்காமலிருக்கப் பழக்குவதும் அதுவே. தமிழாசிரியர் ஒரு செய்யுளில் ஒரே சொல்லை மட்டும் பார்த்துப் பொருள் கூறும் மாணவனைக் கடிந்துகொள்வார். கணக்குப் பாடவேளையில் அதே மாணவன் அதே செயலுக்குப் பாராட்டுப் பெறுகின்றான்.

இக்கேடு நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் 1980-ஐ ஒட்டி நடந்த சோதனை ஒன்று பெயர்போனது. கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன; மாலுமித் தலைவனின் வயது என்ன என்று தொடக்க வகுப்புச் சிறார் 97 பேரை வினவினர். 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே வயதைக் கணக்கிட்டுக் கூறினர். நகைக்கத்தக்க செய்தியாயினும், குழந்தைகளை நகைத்துப் பயனில்லை. கணக்கு என்று ஒன்று கொடுக்கப்பட்டால் அதற்கு விடை உண்டு, கொடுத்த எண்கள் யாவும் பயன்பட்டே தீரும், பொருளைப்பற்றி வினவுதல் முறையன்று என்று பள்ளியின் எழுதா விதிகளை அவர்கள் பிழையறக் கற்றிருந்தனர். எண்ணின் பொருளை ஆராயாமை அவர்கள் இயல்பு அன்று, பயிற்சி.

அங்ஙனமாயின், பள்ளியை விடத் தெருவே சிறந்த ஆசான் என்பாருமுளர். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற 9 முதல் 15 வயது வரையுள்ள சிறார் ஐவரை ஆராய்ந்தவர் 1985-இல் வெளியிட்ட கட்டுரை அவர்கட்குத் துணை நிற்கின்றது. விற்கும் இடத்திலே வினவிய கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாயின. அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காகத் தந்தபோது நூற்றுக்கு 37-ஆகக் குறைந்தன. 35 விலையுள்ள தேங்காய் பத்துக்கு என்ன விலை என்றபோது ஒரு சிறுவன், மூன்றுக்கு 105 என்பதை அறிந்திருந்தமையால், மும்மூன்றாக ஏறி 315 வரை சென்று, எஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்கப் பூச்சியம் ஒன்று சேர்த்தால் போதும் என்னும் பள்ளி விதியை அவன் நாடவில்லை. ஆனால் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் தில்லி, கொல்கத்தாச் சந்தைகளில் வேலை செய்யும் சிறார் 1,400-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட முடிவு நாணயத்தின் இருபுறத்தையும் காட்டுகின்றது. சந்தைச் சிறார் விலையும் சில்லறையும் மனத்தாற் கணித்தனர். பாடநூற் கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற சிறாரோ பாடநூற் கணக்கை ஒருவாறு செய்தனர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஆகவே தெருவைப் போற்றுவதாலோ பள்ளியைத் தூற்றுவதாலோ ஆவது ஒன்றுமில்லை. இரண்டு கரைக்கும் நடுவே தோணி இல்லை என்பதே குறை. கோட்டைப்பட்டினத்தில் ஏலக்கூடத்தின் அருகே நின்று விலை ஏறுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, வகுப்பில் 'ஒரு பொருளின் விலை' என்று தொடங்கும் கணக்கின்முன் வாயடைத்து நிற்பதை நாமும் கண்டோம்.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் இத்தோணி இருந்ததா? ஓரளவு இருந்தது என்றே நினைக்கின்றோம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்பன அங்குப் பயிற்றப்பட்டன. பெயர்களையே காண்க: பொன்னும் நெல்லும் நிலத்தின் குழியும் அங்கே எண்ணோடு பிணைந்திருந்தன. பின்னங்களுக்கும் பெயர் உண்டு. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20. மாகாணி என்பது 1/16. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/20-உடன் 1/80-ஐக் கூட்டிப் பாருங்கள், 1/16 வரும். சொல்லை உச்சரிக்கும்போதே ஒரு கூட்டல் கணக்கு முடிந்துவிடுகின்றது. ரூபாய்க்குப் பதினாறு அணாவாக இருந்த நாளில் ஓர் அணாவே ரூபாயின் மாகாணி. மனனஞ் செய்த வாய்பாடு மாலையில் கடைத்தெருவிலே பயன்பட்டது. காரி நாயனார் செய்த கணக்கதிகாரமோ, பலாப்பழத்தை அறுக்காமலே காம்பைச் சூழ்ந்த முட்களை எண்ணிச் சுளைகளின் தொகையை அறிய வழி கூறுகின்றது. வழி எப்பழத்திற்கும் பொருந்துமோ என்பது வேறு. ஒரு சிறுவனுக்குக் கத்தியை எடுத்துச் சரிபார்க்க ஆசை உண்டாக்கும் கணக்கு அது என்பதில் ஐயமில்லை.

சென்னை எழும்பூரில் 1789 முதல் சிறுவர் விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் கொண்டார். மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு 1797-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்திற் பரவிச் சென்னை முறை என்றே பெயர் பெற்றது. ஆனால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று பாடுவதற்கு நாம் உடன்படோம். அங்கே பிரம்பு ஓயவில்லை. பெண் குழந்தைகட்கும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகட்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலிருந்தது. மேற்கூறிய சிறுமி அங்கே அமர்ந்திருக்கவே முடியாது. 1957 ஏப்ரலில் அணா போய்ப் பைசா வந்தது. மரக்காலும் படியும் போய் மெட்ரிக் அளவைகள் வந்தன. வாய்பாட்டோடு பிணைந்திருந்த பொருள்கள் நீங்கின. மனனம் மட்டும் தங்கிவிட்டது. பழமையில் வைத்துக்கொள்ளத் தக்கது போயிற்று, விடத் தக்கது நின்றது.

தமிழக அரசினர் 2022 ஜூன் மாதத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகட்காகத் தொடங்கிய திட்டத்திற்கு 'எண்ணும் எழுத்தும்' என்று பெயரிட்டனர். பிரிந்த இரண்டும் பெயரளவிலேனும் மீண்டும் ஒருங்கு கூடியது தமிழ் பயில்வார்க்கு உவகை தருவதாம். பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துப் பயிற்றும் முறையும் அதில் அமைந்தது. ஆயினும் எத்திட்டத்திலும் ஒரு பகுதி ஆசிரியரின் செவியைப் பொறுத்தது. விடை சரியா தவறா என்று பார்க்க ஒரு நொடி போதும், 'எப்படிக் கண்டாய்?' என்று வினவி மறுமொழி கேட்க ஐந்து நிமிடம் வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்நேரம் கிடைப்பது அரிதென்பதை நாம் அறிவோம். எனினும் அவ்வினா கேட்கப்படாத இடத்தில், 27 என்று அறிந்த சிறுமி 3 என்று எழுதியவளாகவே பதியப்படுவாள். ஆண்டுதோறும் அப்பதிவு ஏறிக்கொண்டே போகும். கணக்கு வராது என்று பெயரெடுத்த பிள்ளை பள்ளியை விட்டு நீங்க வேறு காரணம் தேடவேண்டுவதில்லை. கடற்கரை ஊர்களில் படகும் ஐஸ் பெட்டியும் எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

தமிழ் பயிலும் நம்மவர் இதிற் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தொடக்க வகுப்புக் கணக்குகளின் வாக்கியங்களை எடுத்து, குழந்தை தன் வீட்டிற் கேட்கும் தமிழில் அவற்றைத் திருப்பி எழுதிப் பார்க்கலாம். எண்ணை மாற்றவேண்டாம்; எளிமையாக்கவும் வேண்டாம்; யார், எதை, எப்போது செய்தார் என்பது விளங்கினாற் போதும். அதனினும் நன்று, பிள்ளைகளையே கணக்கு இயற்றச் சொல்வது. விடுமுறை முடியும் தறுவாயில் நாம் அதனைச் செய்து பார்த்தோம். பலர் பாடநூற் கணக்கையே மாம்பழத்தை மீனாக்கித் திருப்பித் தந்தனர். ஒருவன் மட்டும் தன் கணக்கை எழுதினான். 'தடைக்காலம் 61 நாள். 40 நாள் ஆயிருச்சு. எங்க அத்தா என்னைக்குக் கடலுக்குப் போவாங்க?' கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. அந்நாட்களில் வீட்டில் வருவாய் குறையும் என்பதை அச்சிறுவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. சிலர் 61-ஐ மேலும் 40-ஐக் கீழும் எழுதிக் கழித்தனர். மீன் கணக்குச் சிறுமி நாற்பதிலிருந்து விரல்விட்டு மேலே எண்ணினாள். கணக்கை இயற்றியவனோ ஏட்டையே தொடவில்லை. 'மூணு வெள்ளிக்கிழமை போகணும்' என்றான்.